தாயமும் அரங்கும்: சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் பலகை விளையாட்டுக்கள்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமூகம் எதனை உற்பத்தி செய்தது, யாரால் ஆளப்பட்டது, எதற்காகப் போராடியது என்பவற்றையே முதலில் வினவுவர். அது தன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தது என்ற வினா பெரும்பாலும் இறுதியிற் கேட்கப்படும். அல்லது கேட்கப்படாமலே விடப்படும். இலங்கையின் பெருந்தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. அவர்களைப் பற்றிய ஏடுகள் குறைவல்ல. தோட்ட நிருவாகத்தின் பேரேடுகள், குடியேற்ற நாட்டு அரசின் அறிக்கைகள், 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் அனுப்பிய அறிக்கைகள் எனப் பல உள. ஆனால் அவை யாவும் தொழிலாளரை எண்ணிக்கையாக நோக்கியவை. வந்தோர் எத்தனை பேர், போனோர் எத்தனை பேர், நாட்கூலி எவ்வளவு, இறந்த குழவிகள் எத்தனை என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியவர் இஸ்தோப்பில் அமர்ந்து என்ன செய்தார் என்பதை அவற்றிலிருந்து அறிவது அரிது.

இவ்விடைவெளியை ஒரு சிறு பொருளைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள் பலகை விளையாட்டு. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றைப் பலகை விளையாட்டுக்கள் என அழைப்பது வழக்கமாயினும், அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பலகை தேவைப்படுவதில்லை. நிலமும் ஒரு கரித்துண்டும் போதும். கோடு கீறப்பட்ட இடத்தைப் பழந்தமிழர் அரங்கு என்றனர். நூலறிவின்றி அவையிற் பேசப் புகுவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்குத் திருவள்ளுவர் ஒப்பிட்டமை யாவரும் அறிந்ததே. கட்டங்களும் கட்டங்களுக்குரிய விதிகளும் இன்றி ஆட்டம் இல்லை என்பது அவ்வுவமையின் அடிப்படை. உடைமை ஏதுமின்றிக் கடல் கடந்த ஒரு மக்கட் கூட்டத்தினர் இவ்வரங்கை எவ்வாறு உடன் கொணர்ந்தனர், எவ்வாறு பேணினர், எவ்வாறு இழந்து வருகின்றனர் என்பவற்றை ஆராய்வதற்குச் சப்ரகமுவத் தோட்டங்கள் தக்கதொரு களமாகும்.

சப்ரகமுவ மாகாணம் 1889ஆம் ஆண்டு தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்கள் அதன்கண் அடங்கும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை, உருவன்வெல்லை முதலிய நகரங்களைச் சூழ்ந்து தேயிலையும் இறப்பரும் பயிராகின்றன. மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிர்ந்த தேயிலை மலைகளையே பலரும் நினைவுகூர்வர். சப்ரகமுவ அதினின்றும் வேறுபட்டது. இங்கு இறப்பருக்கு முக்கிய இடமுண்டு. 1876இல் கீவ் தாவரத் தோட்டத்திலிருந்து எனறத்கொடைக்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய இறப்பர்ச் செய்கை, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விலையேற்றத்தால் விரைந்து பரவியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய ஈரவலய மாவட்டங்களே அதற்கு ஏற்ற நிலமாயின. இத்தோட்டங்கள் உயர்மலைத் தோட்டங்களைப் போலக் கிராமங்களினின்று தொலைவில் அமைந்தவையல்ல. லயத்தின் எல்லையிற் சிங்களக் கிராமத்தின் வயல் தொடங்கும். இறப்பர் மரத்திற் பால் வெட்டும் வேலையில் தமிழரோடு அயற்கிராமச் சிங்களவரும் ஈடுபட்டனர். இவ்வயலுறவு பின்னர் நோக்கப்படும் ஒரு செய்திக்கு இன்றியமையாதது.

இறப்பர்த் தோட்டத்தின் காலக்கணக்கும் தேயிலைத் தோட்டத்தின் காலக்கணக்கினின்று வேறுபட்டது. தேயிலைக் கொழுந்தை மழையில் நனைந்துகொண்டும் பறிக்கலாம், பறித்தே ஆகவேண்டும். இறப்பர் மரத்தை மழையில் வெட்ட இயலாது. பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டினால் பால் வழி தவறி மரமெங்கும் வடியும். சிரட்டையில் வீழ்ந்த பாலிலும் நீர் கலந்துவிடும். எனவே விடியற்காலையில் மழை பெய்தால் அன்று பிரட்டுக்குச் சென்றும் பயனில்லை. வெட்டு நடைபெறும் நாட்களிலும் பால் சேகரித்து நிறுக்கும் வேலை பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். இரத்தினபுரியோ இலங்கையின் மிகு மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. ஆகவே இங்குள்ள இறப்பர்த் தொழிலாளிக்கு ஓய்வு என்பது அவன் கேட்டுப் பெற்ற உரிமையன்று. மழை அவன்மேற் சுமத்திய வேலையின்மையாகும். அந்நாளுக்குரிய கூலி இல்லை. ஆனால் அந்நாட்பொழுது இருந்தது. பத்தடி, பன்னிரண்டடி அளவான ஒரே காம்பராவினுள் ஒரு குடும்பம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த அப்பொழுதுதான் இஸ்தோப்பில் தாயம் கீறப்பட்ட பொழுது. விளையாட்டு மகிழ்ச்சியின் அடையாளம் என்று எளிதாகக் கூறிவிடுவோர் இப்பொருளியற் பின்னணியையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இவ்விளையாட்டுக்கள் எவ்வாறு இங்கு வந்தன என்பதற்குத் தனி ஆவணம் வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்தே தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் திரட்டப்பட்டனர். அப்பகுதிகளின் கிராமங்களில் இவை அன்றாட விளையாட்டுக்கள். தமிழகத்துக் கோயில்கள் பலவற்றின் கற்றளங்களிலும் மண்டபத் தூண்களின் அடியிலும் ஆடுபுலிக் கோடுகளும் பல்லாங்குழிகளும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டுப் புறப்பட்டவர் நிலத்தையோ மாட்டையோ உடன் கொணர இயலவில்லை. மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, உடுத்த துணியும் கிருமி நீக்கப்பெற்ற பின்னரே அவர் கடல் கடக்க அனுமதிக்கப்பட்டார். அச்சோதனையில் எவராலும் பறிக்கப்பட முடியாத உடைமைகள் சிலவே. மாரியம்மன் தாலாட்டும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும் அவற்றுட் சில. தாயத்தின் விதிகளும் அவ்வகையினவே. அவற்றுக்கு நிறையில்லை, தீர்வையும் இல்லை.

அவ்விதிகளைச் சுருக்கமாகவேனும் இங்கு குறிப்பிடல் பொருத்தமாகும். தாயம் ஐந்துக்கு ஐந்து, அல்லது ஏழுக்கு ஏழு எனக் கீறப்பட்ட சதுரக் கட்டங்களில் ஆடப்படுவது. சில கட்டங்களிற் பெருக்கற் குறி இடப்படும். அவற்றை மலை என்பர். மலையில் இருக்கும் காயை எதிரி வெட்ட இயலாது. பித்தளைத் தாயக்கட்டை உருட்டுவது வசதி படைத்தோர் முறை. வசதியற்றோர் சோழிகளைக் குலுக்கி எறிவர். அல்லது புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெண்மை தோன்றும்வரை தரையில் உரசி எறிவர். ஒன்று என்னும் எண் விழுந்தாலே தாயம். தாயம் விழும்வரை காய் அரங்கினுள் நுழையாது. நுழைந்த காய் வெளிச்சுற்றைச் சுற்றி, உட்சுற்றிற் புகுந்து, நடுக்கட்டத்தை அடைந்தால் அது பழமாகும். இடையில் வெட்டுண்ட காய் மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்க வேண்டியதே.

பல்லாங்குழி இரு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு குழிகளைக் கொண்டது. குழிக்கு ஐந்து காய் வீதம் எழுபது காய்களை இட்டு ஆடுவது ஒரு முறை. ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது, ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதனைப் பசு என்று கூறிக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்வர். ஆடுபுலி ஆட்டம் முக்கோண வடிவிற் கீறப்பட்ட கோடுகளில் மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் இடையில் நிகழ்வது. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையில்லை. ஆடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்று புலி நகர வழியின்றி அடைத்தால் மட்டுமே அவை வெல்லும்.

தோட்டத்துக்கு வந்தபின் விதிகள் மாறவில்லை, கருவிகளே மாறின. புளியங்கொட்டை கடையில் வாங்கிய புளியிலிருந்து மிஞ்சவேண்டிய பொருளாயிற்று. ஆனால் இறப்பர்க் காய் முற்றி வெடிக்கும் பருவத்தில், புள்ளிகளோடு கூடிய பளபளப்பான கொட்டைகள் மரத்தடியெங்கும் சிதறிக் கிடக்கும். துரைக்குப் பால் உரியது. பால் உறைந்த ஒட்டுக் கழிவும் அவருக்கே உரியது. கொட்டைக்கு மட்டும் கணக்கு இல்லை. மண்ணிற் குழி தோண்டிச் சிறுவர் ஆடும் ஆட்டங்களுக்கு அவை காய்களாயின. அயலான் தேசத்துப் பணப்பயிரின் வித்து, தமிழ்க் கிராமத்துப் பழைய ஆட்டத்தின் காயாயிற்று என்பது சிறு செய்தியெனினும், புலம்பெயர்ந்த பண்பாடு புதிய நிலத்தில் வேரூன்றும் முறையை அது தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்விடத்தில் ஒப்பீடு ஒன்று பயன்தரும். இலங்கையின் பண்டைய பலகை விளையாட்டுக்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவருள் ஒருவர் நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் ஆவார். 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் அவரது ஆங்கில நூலில் விளையாட்டுக்கள் பற்றிய தனி அத்தியாயம் ஒன்று உண்டு. மிகிந்தலையின் பாறைகளிற் செதுக்கப்பட்டிருந்த நெரெஞ்சி விளையாட்டின் கோடுகளை அவர் கண்டு குறித்துள்ளார். பாறையிற் செதுக்கிய கோடு நூற்றாண்டுகளைக் கடந்து நின்று ஆய்வாளனுக்குச் சான்றளிக்கின்றது. லயத்து அரங்குக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மண் தரையிற் கரியாலோ செங்கற் துண்டாலோ கீறப்பட்ட அக்கோடுகள், அடுத்த முறை சாணமிட்டு மெழுகும்போது அழிந்துவிடும். மெழுகிய தரை காய்ந்தபின் மீண்டும் கீறப்படும். ஒரு கிழமைகூட நிலைக்காத அவ்வரங்கு ஐந்து தலைமுறைகளாகத் தொடர்ந்தது எங்ஙனம்? ஒவ்வொரு முறையும் அதை மீளக் கீறத் தெரிந்த ஒரு கை அவ்வீட்டில் இருந்தமையாலேயே. இங்கு ஆவணம் கல்லன்று, மனிதர். அம்மனிதர் இல்லாதொழியின் ஆவணமும் ஒழியும். தோட்டத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடு இதுவேயாகும்.

அக்கை பெரும்பாலும் ஒரு பாட்டியின் கையாக இருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. பல்லாங்குழி தமிழகத்தில் மகளிர்க்குரியதாகவே கருதப்பட்டது. பூப்பெய்திய பெண் தனித்திருக்கும் நாட்களிலும், கருவுற்றிருக்கும் காலத்திலும் அது ஆடப்பட்டது. தோட்டத்தில் நடுவயதுப் பெண்ணுக்கு ஆடப் பொழுதில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, மலைக்கு ஏறி, மாலையில் விறகோடு திரும்பி, மீண்டும் அடுப்படியில் நின்ற அவளுக்கு மழை நாளும் வேலை நாளே. தோட்ட வாழ்வு அவளது இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட முப்பது, நாற்பது ஆண்டுகளை விளையாட்டிலிருந்து அறவே அகற்றிவிட்டது. அதனால் ஆட்டம் பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு, தாயைத் தாண்டிச் சென்றது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பொழுதிற் பிள்ளைகளைக் காத்த முதியவளே ஆசிரியையாகவும் விளங்கினாள். ஒரு தலைமுறையைத் தாண்டிச் செல்லும் இத்தகைய மரபு எளிதில் அறுந்துவிடும் இயல்பினது என்பதை மனத்திருத்தல் வேண்டும்.

லயத்தின் எல்லைக்கு அப்பால், அயற்கிராமத்தில் ஆடப்பட்டவை எவை என்பதை அடுத்து நோக்கலாம். சிங்கள மக்களின் விளையாட்டுக்களைப் பற்றி லெப்பல்ட் லுடோவிசி எழுதிய கட்டுரை 1873இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்பின் பாக்கரின் நூல் வந்தது. அவற்றாலும் பிறவற்றாலும் அறியப்படும் சிங்கள விளையாட்டுக்களைத் தமிழ் விளையாட்டுக்களோடு அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒலிந்த கெளிய என்பது இரு வரிசையில் ஏழேழு குழிகள் கொண்ட ஆட்டம். ஒலிந்த என்பது குன்றிமணி. தமிழகத்திலும் பல்லாங்குழிக்குக் குன்றிமணியை இடும் வழக்கம் உண்டு. பஞ்ச கெளிய என்பது சோழி எறிந்து காய் நகர்த்தும் ஆட்டம். தாயத்தின் நெருங்கிய உறவு. திவியன் கெளிய என்பது இரு சிறுத்தைகளுக்கும் இருபத்து நான்கு பசுக்களுக்கும் இடையிலான ஆட்டம். கோடுகளும் தொகையும் வேறாயினும் ஆடுபுலியின் கருத்தே அதன் கருத்து. இலங்கைக் காட்டிற் பெரும்புலி இல்லை, சிறுத்தையே உண்டு என்பதற்கேற்ப விலங்கின் பெயர் அமைந்துள்ளது. நெரெஞ்சி என்னும் பெயரோ தமிழ் நெருஞ்சியை நினைவூட்டுகின்றது. ஒலிந்தவும் பஞ்சவும் சிறப்பாக ஆடப்படுவது சித்திரைப் புத்தாண்டில். அப்புத்தாண்டு இரு மக்களுக்கும் ஒரே நாளில் வருவது.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு யாரிடமிருந்து யார் பெற்றனர் என்ற வாதத்தில் இறங்குவது வீண். தென்னாசியா முழுவதற்கும், அதற்கு அப்பாலுள்ள ஆபிரிக்கா, தென்கிழக்காசியா ஆகியவற்றுக்கும் பொதுவான ஒரு மரபின் கிளைகள் இவை. குழிகளிற் காயிடும் ஆட்டம் ஆபிரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில் இன்றும் ஆடப்படுகின்றது. இங்கு முக்கியமானது வேறு. ஒரே இறப்பர் மலையில் அருகருகே பால் வெட்டிய தமிழனும் சிங்களவனும் தம் வீட்டில் ஏறத்தாழ ஒரே ஆட்டத்தை, இரு பெயர்களால் ஆடிவந்தனர். லயத்துப் பிள்ளை கிராமத்துப் பிள்ளையின் அரங்கைக் கண்டால் விதிகளை அதிகம் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. ‘வந்தேறிகள்’ என்றும் ‘அந்நியர்’ என்றும் மேடைகளில் முழங்கப்பட்ட காலத்திலும், அவ்விரு வீடுகளின் தரையிலும் கீறப்பட்டிருந்த கோடுகள் அக்கூற்றை மறுத்துக்கொண்டிருந்தன.

ஆயினும் வரலாறு தரையிலுள்ள கோடுகளைக் கேட்டு நடப்பதில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் கிராம விரிவாக்கத்துக்கென அரசாற் கையேற்கப்பட்டபோது, அங்கிருந்த இந்திய வமிசாவளித் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். நிலமற்ற கிராமத்தவரின் தேவை உண்மையானது. தம் உழைப்பால் அம்மலையைத் தோட்டமாக்கியவரின் தேவையும் உண்மையானது. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்ட ஏற்பாடே தவறானது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல்லாயிரவர் அதிற் பங்குகொண்டனர். வெட்டும் உரிமையற்ற ஆடுகள் சேர்ந்து நிற்பதாலேயே புலியை அடைக்கலாம் என்னும் விதியைச் சிறுவயதிலேயே ஆடிப் பழகியவர்க்குத் தொழிற்சங்கத்தின் பொருளை விளக்க நெடும் பேச்சு வேண்டியிருந்திராது. ஆட்டமே சங்கத்தை உருவாக்கியது எனக் கூறுவது மிகையாகும். ஆனால் ஒரு மக்களின் விளையாட்டில் அம்மக்களின் உலகறிவு உறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

ஈராண்டுகளின் பின்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இத்தீவிற் பிறந்தமை மட்டும் குடியுரிமைக்குப் போதாதென அது விதித்தது. தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத லயத்து மக்கள் அதனை எவ்வாறு நிறுவுவர்? தமிழிலே தாயம் என்னும் சொல்லுக்கு ஆட்டத்தின் ஒன்று என்னும் எண் மட்டுமன்றி, முன்னோர் வழியாக வரும் உரிமை என்ற பொருளும் உண்டு. தாயம் விழாதவன் காய் அரங்கினுள் நுழையாது என்னும் விதியை லயத்துச் சிறுவனும் அறிவான். 1948இற் சட்டமும் ஏறத்தாழ அவ்விதியையே வகுத்தது. ஆட்டத்திலே தாயம் விழாதவன் மீண்டும் எறிந்து பார்க்கலாம். சட்டத்திலோ எறிவதற்கு வாய்ப்பில்லை. முன்னோர் பிறந்த ஊரை எவரும் மீண்டும் தெரிய இயலாது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அவ்வெஞ்சியோரும் எழுபத்தையாயிரம் வீதம் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குடும்பத்தில் மூத்தவர் இந்தியாவுக்கும் இளையவர் இலங்கைக்கும் என்று பிரிந்த நிகழ்வுகள் அக்காலத்தன. அரங்கை மீளக் கீறத் தெரிந்த கைகள் பல அப்போது கடல் கடந்தன. தென்னிந்தியாவில் தாயகம் திரும்பியோருக்கெனத் திறக்கப்பட்ட தோட்டங்களுள் இறப்பர்த் தோட்டங்களும் உண்டு. கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் அத்தகையோர் குடியமர்த்தப்பட்டனர். இராமநாதபுரத்திலிருந்து சப்ரகமுவ வந்த ஆட்டம், மூன்று தலைமுறைக்குப் பின் மற்றொரு மொழி வழங்கும் மலையில் மீண்டும் இறப்பர் மரத்தடியிற் கீறப்பட நேர்ந்தது.

இங்கு எஞ்சியோருக்கும் அமைதி கிட்டவில்லை. 1977இலும், 1981 ஓகஸ்டிலும், 1983 யூலையிலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை ஆகிய பகுதித் தோட்டங்கள் தாக்குதலுக்கு இலக்காகின. வடக்கே வவுனியாவை நோக்கிச் சென்று குடியேறியோர் பலர். லயம் எரிந்த இடத்தில் எரிந்தவை எவை என எழுதப்பட்ட பட்டியல்களிற் பாத்திரமும் துணியும் இடம்பெறும். பொழுது சாயும்போது கூடியிருந்த ஒரு வட்டம் கலைந்து போனதை எப்பட்டியலிற் சேர்ப்பது? நாடற்றோர் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் முடிவுக்கு வந்தது. குடியுரிமை கிடைத்தது, கலைந்த வட்டம் மீளவில்லை.

இதற்கிடையே ஆட்டம் வேறொரு வழியாலும் திரும்பி வந்தது. தாயத்தின் இனமான பச்சீசி வட இந்தியாவில் நெடுங்காலம் வழங்கியது. அக்பர் அரசவையிலும் அது ஆடப்பட்டமை பிரசித்தம். ஆங்கிலேயர் அதனைச் சுருக்கி, சதுரத் தாயக்கட்டையைச் சேர்த்து, 1896இல் லூடோ என்னும் பெயரிற் காப்புரிமை பெற்றனர். பரமபதமும் அவ்வாறே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தை அடைந்து, புண்ணிய பாவக் கணக்கை இழந்து, பாம்பும் ஏணியுமாயிற்று. கங்காணி முறையில் தென்னிந்தியர் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அதே காலத்தில், அவர்தம் ஆட்டங்கள் இலண்டன் கடைகளில் அட்டைப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. பின்னர் அப்பெட்டிகள் தோட்டத்துக்கு அருகேயுள்ள பட்டினத்துக் கடைகளுக்கும் வந்தன. தரையிற் கரியாற் கீறிய ஆட்டம் நாகரிகமற்றதெனவும், அச்சிட்ட தாளில் வந்த அதே ஆட்டம் நாகரிகமானதெனவும் எண்ணிய மனப்போக்கும் கூடவே வந்தது. உழைப்பு மலிவாகச் சென்று பண்டம் விலையோடு திரும்பும் குடியேற்றநாட்டு வாணிப முறை, விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை எனலாம்.

இன்று சப்ரகமுவத் தோட்டங்களில் இளைஞர் கூடுமிடத்தில் முதலிற் காணப்படுவது கரம் பலகை. முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களில் சோடா மூடிகளைக் காய்களாக வைத்து டாம் ஆடப்படுகின்றது. அப்பெயர் ஒல்லாந்த மொழியினின்று வந்ததென்பர். கைத்தொலைபேசியில் லூடோ ஆடப்படுகின்றது. இவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. கரம் பலகையைச் சுற்றி நிற்கும் இளைஞரிடையே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருப்பது கண்கூடு. பழைய அரங்கு செய்த பணியை அதுவும் ஒருவாறு செய்கின்றது. ஆயினும் தாயத்தோடு சேர்ந்து அழிவது ஆட்டம் மட்டுமன்று. தாயம், மலை, வெட்டு, பழம், பசு என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் உழவுச் சமூகத்தின் நினைவைத் தாங்கியவை. தமிழ்மொழிமூலப் பாடசாலை எட்டாத தொலைவிலிருப்பதாற் சிங்களமொழி மூலம் கற்கும் பிள்ளைகள் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உளர். அவர்களுக்குத் தமிழ் வீட்டில் மட்டுமே கிடைக்கும் மொழி. வீட்டிலும் பேச்சு குறைந்து கருவி பெருகுமாயின் இச்சொற்கள் போகும் வழி எது?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளை நோயின் பொருட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, தோட்டங்களிலிருந்து சென்று பயின்ற மாணவர் மீண்டும் லயங்களுக்குத் திரும்பினர். தொலைபேசிக்குத் தொடர்பு கிட்டாத மலைச்சரிவுகளில் அடைபட்டிருந்த அந்நாட்கள், முன்னர் மழை தந்த கூலியற்ற ஓய்வையே ஒத்தன. வீட்டில் மூத்தவர் இருந்த இடங்களில் மறந்துபோன ஆட்டம் மீண்டும் சீமெந்துத் தரையிற் சுண்ணக்கட்டியாற் கீறப்பட்டது. பட்டப் படிப்புப் பயிலும் பேரன், எழுத்தறியாத பாட்டியிடம் விதி கேட்டு ஆடவேண்டிய நிலை அங்கு உண்டாயிற்று. அரங்கு இழையாது வட்டாடுபவனுக்கும் கல்லாது அவை புகுபவனுக்கும் ஒப்புமை கூறிய வள்ளுவரின் உவமையில், அரங்கை அறிந்தவர் அங்கு பாட்டியே.

அந்த ஒப்புமையிற் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடமை பொதிந்துள்ளது. மிகிந்தலைப் பாறையை அளந்தெழுத ஒரு பாக்கர் இருந்தார். லயத்துத் தரையை அளந்தெழுதுவோர் இன்னும் போதியளவு தோன்றவில்லை. பேராதனையில், யாழ்ப்பாணத்தில், 1990களிற் சப்ரகமுவ மண்ணிலேயே பெலிகுல் ஓயாவில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில் பயிலும் தோட்டப்புற மாணவருக்கு இப்பணி எட்டாததன்று. பெருநிதியும் நுண்கருவியும் இதற்கு வேண்டா. கட்டம் எத்தனை, காய் எத்தனை, வெட்டுண்ட காய்க்கு விதி என்ன, அவ்விதியை யாரிடம் கற்றீர், அவர் எவ்வூரினின்று வந்தவர் என்னும் சில வினாக்கள் போதும். இறுதி வினாவுக்குக் கிடைக்கும் விடை ஒருவேளை எப்பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு பூட்டியின் பெயராகவும், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தின் பெயராகவும் இருக்கலாம். 1948இற் கேட்கப்பட்டபோது காட்டுவதற்குத் தாளில்லாதிருந்த தாயம் அதுவேயாகும். அதனை எழுதிவைக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. ஆனால் அரங்கு கீறத் தெரிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன.